கிளறுதலும் கிளர்ச்சியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

   

இவ்விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது, எதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றும் கேட்டார். "ஆங்கில வினைச்சொல் ஒன்றைப் பற்றி" என்று விடை கூறினேன். அவர் சற்றே திகைத்தார். தமிழ்ச் சங்கத்து மேடையில் ஆங்கிலச் சொல்லுக்கு என்ன வேலை என்று நீங்களும் எண்ணக்கூடும். அந்த ஒரு சொல் நம் குடியிருப்பில் செய்துவிட்டுப் போன வேலையைச் சொன்னால், என் தேர்வு தவறன்று என்பது விளங்கும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் நம் குடியிருப்பில் பெற்றோர் கூட்டம் ஒன்று நடைபெற்றதை உங்களுள் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்க ஓர் ஆசிரியர் வேண்டும் என்று விண்ணப்பம் செய்யலாமா என்பதே அன்றைய பொருள். அப்பள்ளியின் நான்காம் வகுப்பில் மட்டும் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தனர். பத்துப் பேரின் பெற்றோரும் இசைந்திருந்தனர். அப்பொழுது சட்டம் பயின்ற இளைஞர் ஒருவர் எழுந்து, ஆர்வத்தோடு, "திஸ் மேட்டர் மஸ்ட் பி அஜிடேட்டட்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அவ்வளவுதான்! கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. "கிளர்ச்சியா? இந்த ஊரிலா?" என்றார் ஒருவர். "அண்டை வீட்டாரோடு முப்பது ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்துவிட்டோம், இனிக் கொடி பிடித்துத் தெருவில் நிற்பதா?" என்றார் மற்றொருவர். மூன்றாவதாக எழுந்து, "பிழைக்க வந்த இடத்தில் அடக்கம் வேண்டும்" என்று சொல்லி அந்த இளைஞரை உட்கார வைத்தவர் யார் தெரியுமா? உங்கள் முன் இப்பொழுது நிற்கும் நான்தான். அன்றிரவே மூன்று பெற்றோர் தம் பெயரை விலக்கிக்கொண்டனர். எஞ்சியவை ஏழு பெயர்கள். விண்ணப்பம் எழுதப்படவே இல்லை.

அந்த இளைஞர் சொல்ல வந்தது வேறு, நாங்கள் கேட்டது வேறு என்பது பின்னர்தான் எனக்குப் புலனாயிற்று. ஆகையால், ஒரு சொல்லுக்கு நான் இழைத்த பிழைக்குக் கழுவாயாகவே இந்தப் பேச்சைக் கருதுகிறேன்.

அஜிடேட் என்னும் வினை இலத்தீன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. செலுத்துதல், செய்தல் என்னும் பொருளுடைய 'அகெரே' என்பது அதன் மூலம். அதே மூலத்திலிருந்துதான் செயலைக் குறிக்கும் 'ஆக்ட்', செய்பவரைக் குறிக்கும் 'ஏஜெண்ட்' என்னும் சொற்களும் பிறந்தன. ஒன்றை ஒரு முறை செலுத்துவது அகெரே. மீண்டும் மீண்டும் செலுத்தி அசைத்துக்கொண்டே இருப்பது 'அகிதாரே'. ஓயாத அசைவு என்பதே இச்சொல்லின் உள்ளுயிர் என்று கொள்ளலாம்.

ஆங்கிலத்தில் அது நான்கு களங்களில் வழங்குகிறது. முதலாவது, கலத்தில் உள்ள பொருளை அசைத்தல். துணி துவைக்கும் பொறியின் நடுவே நின்று சுழலும் தண்டுக்கு 'அஜிடேட்டர்' என்றே பெயர். இரண்டாவது, மனத்தை அலைத்தல். அமைதியிழந்து பதறுகிறவரை 'அஜிடேட்டட்' என்பர். மூன்றாவது, ஒரு பொருளை எடுத்து விவாதித்தல். நம் நாட்டு வழக்கறிஞர்கள் இவ்வழக்கை இன்றும் விடவில்லை. "இந்த வாதம் கீழ் நீதிமன்றத்தில் அஜிடேட் செய்யப்படவில்லை" என்றால், அங்கே எடுத்துரைக்கப்படவில்லை என்பது பொருள். அங்கே யாரும் கல்லெறியவில்லை என்பதன்று! நான்காவது, பொதுமக்களின் உள்ளத்தை எழுப்பி ஒரு கோரிக்கைக்காகத் திரட்டுதல். இதைத்தான் நாம் கிளர்ச்சி என்கிறோம். நம் இளைஞர் மூன்றாவது பொருளில் பேசினார். நாங்கள் நான்காவது பொருளில் கேட்டு, இரண்டாவது பொருளில் பதறினோம்!

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். மருத்துவக் குறிப்பில் 'அஜிடேட்டட்' என்று எழுதியிருந்தது. பேரன் கைப்பேசியில் பொருள் தேடிப் பார்த்து, "பாட்டி கிளர்ச்சி செய்கிறாராம்" என்று படித்தான். எழுபத்தெட்டு வயதில் எதை எதிர்த்துக் கிளர்ச்சி என்று வீட்டார் கலங்கினர். தெலுங்குச் செவிலி ஒருவர்தாம், "கொஞ்செம் ஆந்தோளனகா உன்னாரு, அந்தே" என்று சொல்லி அவர்களைத் தேற்றினார். சற்றுப் பதற்றமாக இருக்கிறார், அவ்வளவுதான் என்பது அதன் பொருள்.

இந்த 'ஆந்தோளன' என்னும் சொல்லைப் பாருங்கள். வடமொழியில் ஊஞ்சலைப் போல அசைதலைக் குறித்தது அது. தெலுங்கில் ஒருவர் நெஞ்சின் பதற்றத்துக்கும் அதுவே பெயர். ஊர் கூடி நடத்தும் போராட்டத்துக்கும் அதுவே பெயர். நாளிதழில் 'ஆந்தோளன' என்று கண்டால், தொடரை முழுதும் படித்த பிறகே இது கவலையா, மறியலா என்று தெளிகிறோம். அஜிடேட் என்னும் ஆங்கிலச் சொல்லும் ஏறத்தாழ இவ்வாறே இரு வேடம் பூணுகிறது.

தமிழோ இவ்வேலைகளைப் பல சொற்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. இதற்குச் சான்று தேடி நூலகத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. தாய்மார்களே, உங்கள் அடுக்களையே போதும். மோரைக் கடைகிறீர்கள். அல்வாவைக் கிண்டுகிறீர்கள். களியைக் கிளறுகிறீர்கள். குழம்பைத் துழாவுகிறீர்கள். மாவையும் நீரையும் கலக்குகிறீர்கள். ஊறுகாய் ஜாடியைக் குலுக்குகிறீர்கள். ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் மற்றொன்றைச் சொன்னால் சிறு பிள்ளையும் நகைக்கும். அல்வாவைக் கடைந்தேன் என்று எவரேனும் சொல்வதுண்டா?

இச்சொற்கள் அடுக்களையை விட்டு வெளியே வந்தாலும் தத்தம் குணத்தை விடுவதில்லை. கிண்டு என்பதிலிருந்து கிண்டல் வந்தது. பிறரைக் குத்திப் புரட்டி வேடிக்கை பார்ப்பது அது. கலக்கு என்பதிலிருந்து கலக்கம் வந்தது; கலகமும் அதற்கு உறவு போலவே ஒலிக்கிறது. குளத்து நீரைக் கலக்கினால் அடியில் கிடந்த சேறு மேலே வரும். நெடுநேரம் நீர் தெளியாது. கோழி குப்பையைக் கிளறும். ஆனால் அங்கே அது இரை தேடுகிறது. கிளப்பு என்று ஒரு சொல் உண்டு. புழுதியைக் கிளப்பலாம், பொய்ச் செய்தியையும் கிளப்பலாம். வாட்ஸ்அப்பில் வந்ததை வந்தபடியே பத்துப் பேருக்குத் தள்ளிவிடுகிறோமே, அதற்கு மிகப் பொருத்தமான தமிழ்ச் சொல் கிளப்புதல்தான்.

கிளர் என்பதோ இவற்றினும் உயர்ந்த சொல். அதற்கு எழுதல், மேலோங்குதல், விளங்குதல் என்று பொருள். கிளறு என்பது ஒருவர் மற்றொன்றைப் புரட்டுவது. கிளர் என்பது ஒன்று தானாகவே உள்ளிருந்து எழுவது. விதையிலிருந்து முளை கிளர்கிறது. உள்ளத்தில் உவகை கிளர்கிறது. ஆகவே கிளர்ச்சி என்பதன் முதற்பொருள் எழுச்சி. அதில் கல்லும் இல்லை, தீயும் இல்லை. செய்தித்தாள்களில் அரசியற் சொல்லாக அன்றாடம் வழங்கிய பிறகே, அதன்மேல் புழுதி படிந்தது.

இச்சொல்லைக் கேட்டு நாங்கள் ஏன் அவ்வளவு பதறினோம்? அதற்கு வரலாற்றில் காரணம் உண்டு. இளைஞர்கள் அதை அறிந்துகொள்ள வேண்டும்.

இன்று நாம் அமர்ந்திருக்கும் இந்தப் பகுதி, 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது சென்னை மாகாணத்தில் இருந்தது. அதற்கு முன்னர் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியதும் சித்தூரே. தெலுங்கு பேசுவோருக்குத் தனி மாநிலம் வேண்டும் என்னும் கோரிக்கைக்காகப் பொட்டி ஸ்ரீராமுலு 1952 அக்டோபர் 19ஆம் நாள் சென்னையில் உண்ணா நோன்பு தொடங்கினார். டிசம்பர் 15ஆம் நாள் உயிர் துறந்தார். அதன் பின் எழுந்த கொந்தளிப்பின் விளைவாக, 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது.

தமிழர் பக்கத்திலும் உள்ளங்கள் எழுந்தன. தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ்கூறும் நல்லுலகின் வட எல்லையாக வேங்கட மலையையே குறிக்கின்றது. அதை நெஞ்சிற்கொண்டு, 1946இல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கிய ம. பொ. சிவஞானம் அவர்கள் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினார். ஊர்தோறும் சென்று தமிழ் பயிற்றிய ஆசிரியர் மங்கலங்கிழார் அதற்கு அடித்தளம் இட்டவர். ஆந்திர மாநிலம் பிறந்த அதே 1953இல் அவர் மறைந்தார். திருத்தணியில் வழக்கறிஞர் கே. விநாயகம் அவர்கள் முன்னின்றார். 'மதராஸ் மனதே' என்று ஒரு பக்கமும், 'வேங்கடத்தை விடமாட்டோம்' என்று மறு பக்கமும் முழக்கங்கள் எழுந்தன. சிறை சென்றோர் பலர். துன்புற்ற குடும்பங்கள் இரு மொழியிலும் உண்டு.

இறுதியில் எச். வி. படாஸ்கர் என்பவர் நடுவராக இருந்து எல்லைப் பரிந்துரையை அளித்தார். 1959இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துக்குச் சென்றன. சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்கு வந்தது. சித்தூரும் புத்தூரும் காளத்தியும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நிலைபெற்றன. இவ்வாறு, என்னைப்போல் நாற்பது ஆண்டுகளுக்கு முன் வேலூர்ப் பக்கத்திலிருந்து வங்கிப் பணிக்காக ஊர் பெயர்ந்து வந்தவர்களும் இச்சங்கத்தில் இருக்கிறோம். தாம் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லை பெயர்ந்து போனதைக் கண்ட குடும்பங்களும் இருக்கின்றன.

அன்றைய ஆங்கில நாளிதழ்களில் இரு பக்கத்து நிகழ்ச்சிகளுக்கும் ஒரே பெயர்தான்: அஜிடேஷன். தெலுங்கர் தம் மாநிலத்துக்காக எழுந்ததும் அஜிடேஷன். தமிழர் தம் எல்லைக்காக எழுந்ததும் அஜிடேஷன். சொல் எவர் பக்கமும் சாய்வதில்லை. கிளர்ச்சி என்ற சொல்லைக் கேட்ட அளவில் நம் பெரியோர்களுக்கு அந்த நாட்களின் பூட்டிய கடைகளும், நின்ற இரயில்களும், பேச்சற்றுப் போன அண்டை வீடுகளும் நினைவுக்கு வருவது இயற்கை. அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஆனால், அந்த எல்லை வழக்கு 1960இல் முடிந்துவிட்டது. நான்காம் வகுப்பில் படிக்கும் குழந்தைக்கு 'அ' எழுதக் கற்பிக்க வேண்டும் என்று கேட்பது அந்த வழக்கைப் புதுப்பிப்பதாகாது. இந்த வேறுபாட்டை உணராமற்போனதே அன்று நான் செய்த பிழை.

இந்தச் சொல்லை நம் நாட்டில் மிக ஆழ்ந்த பொருளில் கையாண்டவர் அண்ணல் அம்பேத்கர். 1942இல் நாகபுரியில் ஒடுக்கப்பட்ட மக்களின் மாநாட்டில் அவர் ஆங்கிலத்தில் மூன்று ஏவல்களை இறுதி அறிவுரையாக வழங்கினார். கல்வி புகட்டுதல் முதலாவது. ஒன்று திரளுதல் மூன்றாவது. இடையில் நிற்பது இந்த அஜிடேட். இதைத் தமிழில் போராடு என்றும், புரட்சி செய் என்றும் பலவாறு பெயர்த்துள்ளனர்; வரிசையை மாற்றி, இதை இறுதியில் வைத்துச் சொல்வாரும் உளர். ஆனால் அவர் வைத்த வரிசையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மக்கள் ஒன்று திரளுவதற்கு முன்னரே நிகழ வேண்டியது என்றால், அது தெருவில் நிகழ்வதாக இருக்க முடியுமா? கற்ற கல்வி உள்ளே சென்று, உறங்கும் எண்ணத்தை அசைத்து, 'இது இப்படியே இருக்கத்தான் வேண்டுமா?' என்று கேட்க வைப்பதையே அது குறிக்கிறது என்று நான் கொள்கிறேன். முதலில் கிளர வேண்டியது அவரவர் உள்ளம். அதன் பின்னரே கூட்டமும் கோரிக்கையும்.

இங்கே தமிழில் இன்னும் ஒரு சொல்லை நினைவூட்டுகிறேன். அது தூண்டுதல். இதிலும் இரு பொருள் உண்டு. குற்றம் செய்ய ஒருவரைத் தூண்டினால் சட்டம் அதை உடந்தை என்று தண்டிக்கிறது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் அவ்வாறே இருந்தது. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவ்வாறே இருக்கிறது. 1908இல் திருநெல்வேலியில் வ. உ. சிதம்பரனார்மீது ஆங்கில அரசு சாட்டிய குற்றங்களுள் ஒன்று, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாய் இருந்தார் என்பது. அரசு குற்றம் என்றதை மக்கள் தொண்டு என்றனர். எதை நோக்கித் தூண்டுகிறோம் என்பதில்தான் அனைத்தும் அடங்கியிருக்கிறது.

ஆனால் தூண்டு என்னும் சொல் நம் வீடுகளில் வழங்குவது விளக்கடியில் அல்லவா? திரி எரிந்து கரி கட்டும்போது, சிறு குச்சியால் அதை மேலே தள்ளி விடுகிறோம். எண்ணெய் இருக்கிறது, திரி இருக்கிறது, நெருப்பும் இருக்கிறது. ஆயினும் தூண்டாவிட்டால் ஒளி மங்கும். மிகையாகத் தூண்டினாலோ புகை எழும். திரியும் விரைவில் தீரும். இவ்வளவு தூண்டினால் போதும் என்று அறிந்தவள் நம் வீட்டுப் பாட்டி.

நம் பகுதியில் பால் வளம் மிகுதி என்பது உங்களுக்குத் தெரியும். பால் குளிரூட்டும் நிலையங்களில் பெருந்தொட்டியின் உள்ளே துடுப்புப் போன்ற ஒரு கருவி மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். அதற்கும் அஜிடேட்டர் என்றே பெயர். அது ஏன் சுழல வேண்டும்? சுழலாவிட்டால் கொழுப்பு மேலே திரண்டு ஏடாகி நிற்கும். அடியில் இருப்பது மெலிந்த பாலாகிவிடும். மேலிருந்து ஒரு கரண்டி எடுத்துச் சோதித்தால் ஒரு கணக்கு. கீழிருந்து எடுத்தால் வேறு கணக்கு. பால் முழுதும் ஒரே தன்மையாய் இருக்கவும், குளிர்ச்சி எங்கும் பரவவும் அந்த அசைவு வேண்டும். ஆனால் அதை மிக விரைவாகச் சுழற்றினாலோ, கொழுப்பு தனியே பிரிந்து திரண்டுவிடும், பால் கெடும். ஒன்று சேர்த்து வைக்கும் அசைவே அளவு கடந்தால் பிரித்தும்விடும்.

நம் சங்கத்தை எண்ணிப் பாருங்கள். அசைவே இல்லாமற்போனால், தமிழ் நன்கு கற்ற நாலைந்து பேர் ஏடு போல மேலே நிற்போம், மேடையில் பேசுவோம், மலரில் எழுதுவோம். அடியில் இருக்கும் இளைய தலைமுறைக்கோ எழுத்தே தெரியாமல் போகும். இந்த மலர் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது, வீட்டில் எத்தனை பேர் இதைப் படிக்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள். தமிழில் நன்றாகப் பேசும் என் பேத்தி, இந்த மலரின் அட்டையில் உள்ள சங்கத்தின் பெயரைத் தெலுங்கு எழுத்தில் எழுதித் தந்தால்தான் படிப்பாள். இதை உங்களிடம் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாற்கடல் கடைந்த கதையை நாம் எல்லோரும் அறிவோம். முதலில் நஞ்சும் பின்னர் அமுதமும் எழுந்தன என்பது அது. ஊத்துக்கோட்டைக்கு அருகில் உள்ள சுருட்டப்பள்ளிக் கோயிலில், நஞ்சுண்ட களைப்பால் சிவபெருமான் பள்ளிகொண்ட கோலத்தில் காட்சியளிக்கிறார். ஒரு காலத்துக் கடைதலில் எழுந்த நஞ்சை நம் மூத்தோர் இரு மொழியாரும் தாமே விழுங்கிக்கொண்டனர். அதன் பயனாகவே இன்று உகாதிக்கு அவர்கள் நமக்குப் பச்சடி தருகிறார்கள். பொங்கலன்று நாம் அவர்களுக்குப் பொங்கல் தருகிறோம். அந்த நட்பைக் கலக்கிச் சேறாக்க எவருக்கும் உரிமை இல்லை. தெலுங்கை நன்றாகக் கற்க வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்கு நான் எப்பொழுதும் சொல்லி வருகிறேன். இரு மொழியாரின் நட்புக்கு அதுவே வழி. குப்பத்தில் 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம், இம்மொழிகளை ஒரு குடும்பமாகக் கருதித் தோன்றியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி, நாம் என்ன செய்யலாம்? சட்டம் நமக்கு ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. மொழிச் சிறுபான்மையரின் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்குப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு கூறுகிறது. மாநிலங்கள் மொழிவழி அமைந்த 1956ஆம் ஆண்டிலேயே, ஏழாவது திருத்தத்தின் வாயிலாக அப்பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையருக்கெனத் தனி அலுவலர் ஒருவரை அமர்த்தும் 350ஆ பிரிவும் அதனோடு வந்ததே. அதற்கும் முன்னர், 1949இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஒரு தீர்மானம் செய்தனர். ஒரு பள்ளி முழுவதிலும் நாற்பது பிள்ளைகளோ, ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகளோ ஒரு மொழியைப் பேசுவோராய் இருந்தால், அவர்களுக்கு அம்மொழி ஆசிரியர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்பது அது. தாய்மொழி எது என்பதற்கு, பெற்றோரோ காப்பாளரோ எதைத் தாய்மொழி என்று அறிவிக்கிறார்களோ அதுவே தாய்மொழி என்றும் அத்தீர்மானம் வரையறுத்தது.

அன்பர்களே, இந்த இறுதிச் சொற்களை மனத்தில் இருத்துங்கள். அறிவிக்க வேண்டியவர் பெற்றோர். பள்ளியில் சேர்க்கும் படிவத்தில் தாய்மொழி என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நம்முள் எத்தனை பேர் தமிழ் என்று எழுதியிருக்கிறோம்? எழுதினால் ஏதேனும் தொல்லை வருமோ என்று வேறு மொழியை எழுதியவர் உண்டு. வெறுமனே விட்டுவிட்டவரும் உண்டு. என் பேத்தியின் படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அந்தக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. அதை நிரப்பாமல் விட்டது என் கையேதான்.

அன்று நமக்குப் பத்துப் பெயர் இருந்தது. தீர்மானம் கேட்ட எண்ணும் பத்தே. ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டதனால் மூன்று பெயர் குறைந்தது. அந்தப் பத்துப் பிள்ளைகள் இப்பொழுது ஆறாம் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வாய்ப்பு மீளாது. ஆனால் நான்காம் வகுப்பில் இப்பொழுது வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய தம்பி தங்கையர் அடுத்த ஆண்டு பள்ளியில் சேரப் போகிறார்கள்.

ஆகையால் இன்று வெளியே ஒரு மேசை போடுமாறு செயலாளரை வேண்டிக்கொண்டேன். அதன்மேல் ஒரு பதிவேடு இருக்கிறது. பள்ளியின் பெயர், வகுப்பு, பிள்ளையின் பெயர், தாய்மொழி, பெற்றோர் கையொப்பம் ஆகியவையே அதில் உள்ள கட்டங்கள். கொடி இல்லை, முழக்கம் இல்லை. அன்று நான் உட்கார வைத்த அந்த இளைஞரே அதன் அருகில் அமர்ந்திருக்கிறார். இன்று காலை அவர் வீட்டுக்குச் சென்று, நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டேன். "பரவாயில்லை, ஐயா. விண்ணப்பத்தை நீங்கள் எழுதுங்கள், நான் சட்டப் பிரிவுகளைச் சேர்க்கிறேன்" என்றார். ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்க நான் இசைந்திருக்கிறேன். ஆசிரியர் வரும் வரையில் விளக்கு அணையாமல் இருக்க வேண்டுமல்லவா?

களி கிளறும் தாய்க்குத் தெரியும்: கையை நிறுத்தினால் அடி பிடிக்கும், அவசரப்பட்டால் கட்டி தட்டும். தெலுங்குத் தாய்மார்களும் சங்கடியை அவ்வாறுதான் கிளறுகிறார்கள். அவர்கள் அதற்கு வழங்கும் 'கெலுகு' என்னும் சொல், ஒலியிலும் பொருளிலும் நம் கிளறு என்பதற்கு நெருங்கியே நிற்கிறது. நாம் கேட்கப்போவது இன்னதென்று நம் அண்டை வீட்டாரிடமும் நாமே சொல்லிவிடுவோம். தம் மொழியைக் காக்க எழுந்து மாநிலமே பெற்ற மக்கள் அவர்கள். ஒரு குழந்தை தன் தாய்மொழியில் எழுதக் கற்க வேண்டும் என்பது அவர்களுக்குப் புரியாமற்போகாது.

 பேச்சு முடிந்தது, மேசை காத்திருக்கிறது. முதற்பெயராக என் பேத்தியின் பெயரை எழுதிவிட்டேன். தாய்மொழி என்னும் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன்.

வணக்கம். வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!